ரவுட்டர் பட்டியலில் தெரியாத இரண்டு கருவிகள், யாராவது உள்ளே வந்துவிட்டார்களா?

இரவுவாசி:
இரண்டு நாளாக ராத்திரியானால் நெட் இழுக்கிறது. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்தால் பெயரே இல்லாமல் இரண்டு கருவிகள், வெறும் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மட்டும். வைஃபை பெயரை ஏற்கெனவே மறைத்து வைத்திருக்கிறேன், அடுத்து, நாம் சொல்லும் மேக் முகவரிகளை மட்டும் உள்ளே விடும் மேக் ஃபில்டர் போட்டால் போதுமா? பாஸ்வேர்டு என் பெயரும் பிறந்த வருஷமும்தான். பிள்ளைகளும் இதில்தான் படிக்கிறார்கள், பயமாக இருக்கிறது.

அலைவரிசை:
முதலில் பதறாதீர்கள். இப்போதைய போன்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் தாமாகவே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), இ (E) இவற்றில் ஒன்றா என்று பாருங்கள், ஆமென்றால் பெரும்பாலும் உங்கள் வீட்டுப் போனாகவே இருக்கும். ஒவ்வொரு போனிலும் வைஃபையை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய மோடம்:
பெயரை மறைப்பது, மேக் ஃபில்டர் இரண்டையும் நம்பாதீர்கள். மேக் முகவரி காற்றில் அப்பட்டமாகத்தான் போகிறது, அதைப் பிடித்துத் தன் லேப்டாப்புக்கு வைத்துக்கொள்வது பெரிய வேலையே இல்லை. உங்கள் ஓட்டை பாஸ்வேர்டு. டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் ஒரு போன் இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை ஒருமுறை பதிவு செய்துகொண்டால் போதும், அப்புறம் எங்கேயோ உட்கார்ந்து லட்சக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம், ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. பெயரும் வருஷமும் அதில் முதல் வரிசையில் இருக்கும். 63 எழுத்து வரை வைக்கலாம், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்து வையுங்கள். ரவுட்டரில் அதற்கு அடுத்த பதிப்பான டபிள்யூபிஏ3 இருந்தால் அதைப் போடுங்கள், அதில் ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடமே கேட்டுத்தான் சோதிக்க முடியும்.

சாவிக்கொத்து:
பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணையுங்கள், தயவுசெய்து. அதன் பின் (PIN) நம்பர் 8 இலக்கம்தான், கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. போதாததற்கு முதல் நான்கு சரியா என்று ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடும், ஆக முதல் நான்குக்கு 10,000, அடுத்த மூன்றுக்கு 1,000, அதிகபட்சம் 11,000 முயற்சி. 2011-லேயே அம்பலமான ஓட்டை இது. ரவுட்டர் பக்கத்தைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பித்துவிடுங்கள்.

இரவுவாசி:
ஒன்று அம்மாவின் போன், இரண்டாவது எழுத்து இ. இன்னொன்றில் 4, வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பட்டியலில் அப்படியே இருந்தது. டபிள்யூபிஎஸ்-ஐ அணைத்து பாஸ்வேர்டை மாற்றினேன், போய்விட்டது, இதுவரை திரும்பவில்லை. டிவியை மட்டும் விருந்தினருக்கான தனி வைஃபையில் (கெஸ்ட் நெட்வொர்க்) விடலாமா?

பழைய மோடம்:
தாராளமாக. ஆனால் அதற்கும் பாஸ்வேர்டு போடுங்கள், திறந்து விடாதீர்கள்.