ஹால் சுவரில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிகிறது, என்ன செய்யலாம்?

தக்கலைக்காரன்:
சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் கசிந்ததால் பிளம்பர் ஹால் சுவரை இரண்டடிக்கு உடைத்துச் சரிசெய்தார், கொத்தனார் சிமெண்ட் பூசினார். பெயிண்ட் அடித்தது நான்தான். ஆறு வருடத்துக்கு முன் மிஞ்சிய டப்பா மாடிப்படிக்கு அடியில் கிடந்தது, திறந்தால் ஒரே நாற்றம். மூடியில் ஷேடு நம்பர் இருந்தது, அதையே கடையில் சொல்லி ஒரு லிட்டர் வாங்கி அடித்தேன். இப்போது இளமஞ்சள் சுவரின் நடுவில் பளிச்சென்று ஒரு கட்டம். அம்மா அதன்மேல் காலண்டரை மாட்டிவிட்டார், கீழே இன்னும் அரையடி தெரிகிறது. கடைக்காரர் நம்பரை மாற்றிப் போட்டுவிட்டாரா?

மார்த்தாண்டம் பெயிண்டர்:
நம்பர் சரிதான் அண்ணே, சுவர்தான் மாறிவிட்டது. ஆறு வருட வெயிலும் புகையும் சும்மா விடுமா? முதலில் ஈரத்துணியால் சுவரைத் துடையுங்கள், பாதி வித்தியாசம் வெறும் அழுக்காகக்கூட இருக்கும். அப்புறம் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்டை பிளேடால் உரித்து, மிஷினில் கலர் கலக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள், மிஷின் பார்த்துச் சொல்லும்.

குழித்துறை:
சுவிட்சு போர்டுக்குப் பின்னால் இருந்து உரித்தால் வெளியே தெரியாது.

மார்த்தாண்டம் பெயிண்டர்:
அங்கே வெளிச்சமே படாது, நிறம் அப்படியே புதிதாக இருக்கும், மறுபடி இதே கதைதான். கட்டத்துக்குப் பக்கத்திலேயே எடுங்கள், எப்படியும் பட்டி பார்க்கத்தானே, அதாவது மாவு பூசிச் சுவரை மட்டமாக்கத்தானே போகிறீர்கள். அடித்தவுடன் நிறத்தைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், காய்ந்தபிறகு மாறும். கொஞ்சமாக அடித்து, பகலில் ஒருதடவை, ராத்திரி டியூப்லைட்டில் ஒருதடவை பாருங்கள்.

குளச்சல் டீச்சர்:
சிமெண்ட் பூசி எத்தனை நாள் ஆச்சு? கோடையிலேயே நாலு வாரம் விடச் சொல்வார்கள். நமக்கு ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, சுவர் காய நேரமே கிடைக்காது. பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒருநாள் விடுங்கள், உள்பக்கம் நீர் கோத்தால் இன்னும் ஈரம் போகவில்லை. நான் அவசரப்பட்டு அடித்தேன், மூன்றே மாதத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துப் பொரிந்துவிட்டது. பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் பிரைமர் அடித்தீர்களா? அடிக்காவிட்டால் புதுப்பூச்சு பெயிண்டை உறிஞ்சும், நிறம் ஒன்றாக இருந்தாலும் மினுமினுப்பு வேறாகத் தெரியும்.

தக்கலைக்காரன்:
பன்னிரண்டு நாள்தான் ஆச்சு டீச்சர். பட்டியும் இல்லை, பிரைமரும் இல்லை, நேராக சிமெண்ட் மேலேயே பிரஷ்ஷால் அடித்துவிட்டேன்.

மார்த்தாண்டம் பெயிண்டர்:
சரியாப்போச்சு. நன்றாகக் காயவிட்டு, அடித்ததைச் சுரண்டி, பட்டி வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடியுங்கள். அப்புறம் அந்த ஒரு சுவரை மூலையிலிருந்து மூலைவரை முழுதாக ரோலரில் அடித்துவிடுங்கள். பிரஷ் கோடும் ரோலர் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் காட்டிக்கொடுக்கும். மூலை தாண்டினால் ஒவ்வொரு சுவரிலும் வெளிச்சம் வேறு மாதிரி விழும், சின்ன நிற வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. பத்துக்குப் பத்து சுவரென்றால் இரண்டு லிட்டர் வாங்குங்கள், இரண்டு தடவை அடிக்க வரும். இரண்டு டப்பாவாக இருந்தால் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள், டப்பாவுக்கு டப்பா லேசாக மாறும். பளபளப்பு உள்ளதா இல்லாததா என்று பார்த்து, பழைய வகையையே வாங்கவேண்டும்.

தக்கலைக்காரன்:
அம்மாவிடம் சொன்னேன். முழுச் சுவரும் அடிக்கத்தான் போகிறாய் என்றால் மஞ்சள் எதற்கு, பச்சை அடி என்கிறார்.