பதில்: டொமைன், ஹோஸ்டிங் – இரண்டு சொல்லிலும் 'தளம்' வேண்டாம்

அன்பின் நண்பர்களுக்கு,

வலைத்தளம் வைக்கிறவர்களுக்காக நாம் தயாரிக்கும் கையேட்டின் சொற்பட்டியல் பற்றி வந்த கருத்துகளை எல்லாம் வாசித்தேன். டொமைன் நேமுக்கு, அதாவது உலாவியில் தட்டுகிற பெயருக்கு, 'தளப்பெயர்'; ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தின் கோப்புகளை வைக்கக் கணினியில் இடம் தரும் சேவைக்கு, 'தள ஓம்பல்' என்று கொழும்பு நண்பர் தந்த சோடி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை ஏற்க வேண்டாம் என்றே கேட்கிறேன். இரண்டும் 'தளம்' என்றே தொடங்குவதுதான் என் தடை.

இந்தக் கையேடு யாருக்கு என்பதை மறக்கக் கூடாது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அறை வாடகைக்கு விடுகிறவர்கள், கிண்ணியாவில் கடை நடத்துகிறவர்கள், திருகோணமலைப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள். இவர்களிடம் கேட்டால் "வெப்சைட் ஒன்று வாங்கினோம்" என்பார்கள். பெயர் ஒரு ஒப்பந்தம், இடம் இன்னொரு ஒப்பந்தம் என்பது அந்தப் பேச்சில் இல்லை. எங்கள் உறவினர் ஒருவரின் விடுதிக்குத் தளம் செய்து கொடுத்தவர், அதன் டொமைன் பெயரையும் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு பற்றுச்சீட்டு, அதில் எல்லாம் ஒரே தொகை. வேறு நிறுவனத்துக்கு மாறப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது: வாசல் பலகையில் எழுதியிருந்த அந்தப் பெயர் இவருடையது இல்லை. கடைசியில் புதுப் பெயர் எடுக்க வேண்டியதாயிற்று. பழைய முகவரிக்கு மின்னஞ்சல் போட்ட விருந்தினர்கள் பதில் இல்லாமல் வேறு விடுதிக்குப் போனார்கள்.

சொல் சரியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் பற்றுச்சீட்டில் இரண்டு வேறு சொற்கள் இருந்திருந்தால், இரண்டாவது என்ன என்று அவர் கேட்டிருப்பார்.

சரி, டொமைனுக்கு வருவோம். பாடப்புத்தக வழக்கான 'ஆள்களப் பெயர்' பழையது, கடினம், விட்டுவிடலாம் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சரியான சொல்லாகவே படுகிறது. 1983க்கு முன் வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரிக்க, மற்றவர்கள் படி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது முடியாமல் போயிற்று. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த முறை, பெயர்களைக் கிளை கிளையாகப் பிரித்து ஒவ்வொரு கிளையின் பொறுப்பையும் ஒவ்வொருவரிடம் கொடுத்தது. இலங்கைக்குரிய டாட் எல்கே என்பதற்குக் கீழே எதைச் சேர்ப்பது என்பதை எல்கே பதிவகம் முடிவு செய்யும். அதற்குக் கீழே உங்கள் பெயர் கிடைத்துவிட்டால், அதற்கு உள்ளே என்ன கிளை வைப்பது என்பது உங்கள் முடிவு. ஆளுகை கைமாறிக் கைமாறி இறங்குகிற இந்த அமைப்பை 'ஆள்களம்' அப்படியே சொல்கிறது. 'தளப்பெயர்' சொல்லாது. அதோடு தளமே இல்லாமல் மின்னஞ்சலுக்கு மட்டும் பெயர் வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எழுத்தில் ஒரு திருத்தம். 'ஆட்களம்' என்று சிலர் எழுதுகிறார்கள். ஆள்களம் வினைத்தொகை, கொல்களிறு போல இயல்பாகவே நிற்கும். திரித்து எழுதினால் வாசிக்கிறவர் கண்ணில் 'ஆட்கள்' என்றுதான் விழும். கையேட்டில் முதல் இடத்தில் 'ஆள்களப் பெயர்', பிறகு சுருக்கமாக 'களப்பெயர்' என்று போடலாம்.

அடுத்தது பதிவு. இங்கே மூன்று தரப்பு இருக்கிறது. நாம் விவாதித்தது ஒன்றை மட்டும். டாட் எல்கே, டாட் காம் போன்ற ஒரு பின்னொட்டில் முடியும் பெயர்களின் முழுப் பட்டியலையும் வைத்திருப்பது ஒரு தரப்பு. அந்தப் பட்டியலில் நமக்காகப் பெயரைப் பதிந்து தந்து காசு வாங்குகிற கடை இரண்டாவது. பதிந்துகொள்கிற நாம் மூன்றாவது. முதலாவதற்குப் 'பதிவகம்' என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. காணிப் பதிவகத்துக்குப் போய் வந்த எவருக்கும் அது என்னவென்று புரியும். இரண்டாவதுக்குப் 'பதிவாளர்' என்று பட்டியலில் இருக்கிறது. அதைத்தான் மாற்ற வேண்டும். நம் ஊரில் பதிவாளர் என்றால் பிறப்பு, இறப்பு, விவாகம் பதிகிற அரச உத்தியோகத்தர். அந்தச் சொல்லைப் பார்த்தால் கடை வைத்திருக்கிற தனியார் நிறுவனத்துக்கு அரச அதிகாரம் இருப்பதாகத் தோன்றும். 'பதிவு முகவர்' என்று போடுவோம். முகவர் பிடிக்கவில்லை என்றால் வேறு முகவரிடம் போகலாம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

மூன்றாவதுக்கு 'உரிமையாளர்' என்று இருக்கிறது. அதிலும் எனக்கு உடன்பாடில்லை. களப்பெயர் உறுதி முடித்து வாங்கிய காணி இல்லை, குத்தகைக் காணி. டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் பதியலாம். புதுப்பிக்காமல் விட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். நீக்கப்பட்ட பின் 30 நாள் மீட்புக்காலம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அதுவும் கழிந்து இன்னும் 5 நாள் போனால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே 'பதிவுதாரர்' என்று முன்மொழிகிறேன். குத்தகைதாரர், சந்தாதாரர் என்று நமக்குப் பழகிய சொற்கள் எல்லாமே காசு கட்டும் காலம் வரை உரிமை உள்ளவரைத்தான் குறிக்கின்றன. கையேட்டில் ஒரே ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போடுவதானால் "பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பாருங்கள்" என்பதையே போடுவேன்.

ஹோஸ்டிங்குக்குக் குச்சவெளி நண்பர் 'வாடி' என்று கேட்டிருந்தார். இந்தக் கரையில் வலையும் வள்ளமும் கொண்டுவந்து பருவத்துக்குத் தங்கித் தொழில் செய்கிறவர்கள் போடும் குடிசையான வாடியைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லில் எல்லாம் இருக்கிறது. நானும் அதை ஆசையோடுதான் யோசித்தேன். ஆனால் வேறு ஊர்களில் அது மரம் விற்கிற மரவாடி ஆகிவிடும். வினையாக்கவும் வழியில்லை. "எங்கள் தளத்தை யார்..." என்று தொடங்கினால் எப்படி முடிப்பது? 'விருந்து வழங்கி' என்று உயிரியல் பாடத்திலிருந்து ஒருவர் எடுத்து வந்திருந்தார். 'வழங்கி' ஏற்கெனவே தளங்கள் இருக்கும் கணினியான சேர்வருக்குப் போய்விட்டதால் அது குழப்பும்.

'ஓம்பல்' போதும். முன்னால் 'தள' என்ற ஒட்டு வேண்டாம். ஓம்பல் என்றால் விருந்தோம்பல் நினைவுக்கு வரும், விருந்துக்குக் காசு வாங்குவதில்லையே என்று மூதூர் அக்கா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. குடியோம்பல், தீயோம்பல் என்ற பழைய வழக்குகளைப் பாருங்கள். விடாமல் பார்த்துக்கொள்வது, அணையாமல் காப்பது என்பதுதான் அங்கே பொருள். மின்சாரம் போனாலும் தளம் இரவு பகலாகத் திறந்திருக்கப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஓம்புகிறார்கள், ஓம்பகம், ஓம்பற் கட்டணம் என்று நீட்டவும் முடிகிறது. ஒரே வழங்கியில் பல தளங்கள் இருந்தால் பங்கு ஓம்பல். கணினிக்கு இடும் ஹோஸ்ட் நேமுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே ஹோஸ்ட் என்பது வலையில் இருக்கிற கணினி ஒன்றைத்தான் குறிக்கும். 'கணினிப் பெயர்' என்று போட்டுவிடலாம்.

பெயரைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பக்கத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். ஊர்ப் பெயரை வைத்துப் பெயர் எடுக்க எல்லோருக்கும் ஆசை. திருகோணமலையை ரோமன் எழுத்தில் எழுதும்போது 'தி'க்கு ஹெச் சேர்ப்பதா, 'கோ'வுக்கு முன் கே ஒன்றா இரண்டா என்று ஆளுக்கு ஒரு விதம். தமிழிலேயே 'க்' போட்டும் போடாமலும் எழுதுகிறோம். தொலைபேசியில் சொல்லி, கேட்டவர் பிழையில்லாமல் தட்டினால்தான் அது நல்ல பெயர். அதனால் ட்ரிங்கோ என்ற சுருக்கத்தையோ நிலாவெளி போன்ற சிறிய ஊர்ப் பெயரையோ வைப்பது மேல். அப்புறம், 2010இல் வந்த டாட் இலங்கையைக் கட்டாயம் சொல்லுங்கள், தமிழிலேயே முழுப் பெயரையும் எழுதலாம். உள்ளே அது பியூனிகோட் என்ற முறையில் ரோமன் எழுத்தாக மாற்றப்படுகிறது. சில மின்னஞ்சல் செயலிகள் இன்னும் தமிழ் முகவரியை ஏற்பதில்லை. ஆகவே ரோமன் பெயர் ஒன்றும் தமிழ்ப் பெயர் ஒன்றுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிடலாம்.

மீதி இருப்பது ஒரு சொல். களப்பெயரை ஒரு முகவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற, பழைய முகவர் ஒரு இரகசியக் குறி தர வேண்டும். டாட் காம் போன்றவற்றில் பதிந்து முதல் 60 நாளுக்கு மாற்ற முடியாது, அதன்பின் கேட்டால் தர மறுக்கக் கூடாது. இதற்கு நான் 'கைமாற்றக் குறி' என்று எழுதியிருந்தேன். மூதூர் அக்கா 'விடுகுறி' என்றார். பழையவர் விட்டுக்கொடுக்கிற குறி என்று ஒரே சொல்லில் வந்துவிடுகிறது, சின்னதாகவும் இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள், அன்றைக்குப் பட்டியலை அச்சகத்துக்குக் கொடுக்கிறேன்.