3000 எதிர் 600: ஜூம் எண்ணை விட்டுவிட்டு லென்ஸின் துளையை அளந்து பார்ப்போம்

வானம்பாடி:
பறவை, நிலா, தட்டான் மூன்றுக்கும் ஒரே கருவி வேண்டும். ஒரு பக்கம் நிகான் இசட்8 மிரர்லெஸ், அதனுடன் 180-600 மி.மீ. லென்ஸ். மறுபக்கம் லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமராக்கள்: நிகான் பி1000 (24-3000 மி.மீ.) அல்லது சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 (24-600 மி.மீ.). பி1000க்கு 125 மடங்கு ஜூம் என்கிறார்கள். அந்த ஒரு எண்ணை வைத்தே முடிவுக்கு வந்துவிடலாமா?

கழுகுக்கண்:
கூடாது. 3000ஐ 24ஆல் வகுத்தால் 125. படத்தின் தரம் பற்றி அந்த விடையில் எதுவும் இல்லை. மேலும், பி1000க்குள் 3000 மி.மீ. லென்ஸே கிடையாது. அதன் உண்மையான குவியத் தூரம் 4.3 முதல் 539 மி.மீ. வரை. சென்சார் மிகச் சிறியது என்பதால் பார்வைக் கோணம் குறுகி, முழுச்சட்டக் கேமராவில் (36 x 24 மி.மீ. சென்சார்) 3000 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சிக்கு இணையாகிறது.

சென்சாரின் பரப்பைப் பாருங்கள். இசட்8: 36 x 24, அதாவது 864 சதுர மி.மீ. ஆர்எக்ஸ்10இன் 1 இன்ச் சென்சார்: 13.2 x 8.8, சுமார் 116. பி1000: சுமார் 28. இசட்8க்கும் பி1000க்கும் 30 மடங்குக்கு மேல் வித்தியாசம். இதற்குப் பிறகு விவாதிக்க என்ன இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தும்பி:
இருக்கிறது நண்பரே. நீங்கள் சொல்லும் 30 மடங்கு, இரண்டு கேமராவிலும் பறவை சட்டகத்தை ஒரே அளவு நிரப்பி, எஃப் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டுமே கிடைக்கும். தொலைவிலிருக்கும் பறவையிடம் அது நடக்காது. இசட்8இல் பறவை சட்டகத்தின் நடுவில் சிறிதாக நிற்கும். மிச்சப் பரப்பெல்லாம் வானமும் இலையும்தான். அந்தப் பரப்பில் விழும் ஒளியை வெட்டி எறிந்துவிடுவீர்கள்.

ஒரே தூரத்திலுள்ள ஒரே பறவையிடமிருந்து எவ்வளவு ஒளி உள்ளே வருகிறது என்பதைத் தீர்மானிப்பது நுழைதுளையின் (லென்ஸ் ஒளியை உள்ளே விடும் துளை) விட்டம். கணக்கு எளிது, உண்மையான குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுக்க வேண்டும்:

180-600 லென்ஸ், 600இல் எஃப்/6.3: 95 மி.மீ.
பி1000, 539இல் எஃப்/8: 67 மி.மீ.
ஆர்எக்ஸ்10, 220இல் எஃப்/4: 55 மி.மீ.

விட்டத்தின் வர்க்கம்தான் ஒளி. 95க்கும் 67க்கும் 2 மடங்கு, ஒரே ஒரு ஸ்டாப் (ஒளி இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்). 95க்கும் 55க்கும் 3 மடங்கு, சுமார் 1.6 ஸ்டாப். நீங்கள் சொன்ன 30 மடங்கு எங்கே போயிற்று?

கழுகுக்கண்:
கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். பரப்பை மட்டும் வைத்துப் பேசியது என் பிழை. ஆனால் அந்த ஒரு ஸ்டாப் எந்த இடத்தில் குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

அடர்ந்த மரங்களுக்கடியில், மேகமூட்டத்தில், வெளிச்சம் ஈவி 9 என்று வையுங்கள் (ஈவி வெளிச்சத்தின் அளவு; ஒன்று கூடினால் ஒளி இரட்டிப்பு). பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி வேண்டும். எஃப்/6.3இல் இசட்8 ஐஎஸ்ஓ (உணர்திறன் எண்) 16000 கேட்கும். நாய்ஸ் (படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள்) இருக்கும், ஆனால் ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு) இறக்கைத் தூவிகளை மீட்டுவிடலாம். எஃப்/8இல் பி1000 கேட்பது 25600. அதன் உச்சமே 6400தான்! நாய்ஸ் கூடக்குறைய என்ற பேச்சே அங்கு எழாது. அந்தப் படத்தை எடுக்கவே வழியில்லை.

இன்னொன்று, விளிம்பு விளைவு, அதாவது துளை வழியே வரும் ஒளி சற்று விரிந்து பரவுவது. எஃப்/8இல் ஒரு புள்ளியின் பிம்பம் சுமார் 10.7 மைக்ரான் அகல வட்டமாகத்தான் விழும். பி1000இன் ஒரு பிக்சல் 1.34 மைக்ரான். ஒரே புள்ளி 8 பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. 16 மெகாபிக்சல் என்பது ஃபைலின் அளவு. அதில் அவ்வளவு விவரம் இருக்கிறது என்று பொருளல்ல.

தும்பி:
ஃபைலின் பிக்சல் அளவுக்கு விவரம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒப்பிட வேண்டியது எதிரில் நிற்கும் இசட்8 எவ்வளவு பிடிக்கிறது என்பதோடுதான். 15 மீட்டரில் 17 செ.மீ. மீன்கொத்தி அமர்ந்திருக்கட்டும்:

இசட்8, 600 மி.மீ.: பறவையின் நீளம் சுமார் 1560 பிக்சல்.
ஆர்எக்ஸ்10: சுமார் 1030 பிக்சல்.
பி1000: சுமார் 4560 பிக்சல், சட்டகம் நிறைந்துவிடும்.

இனி உங்கள் விளிம்பு விளைவையும் சேர்த்துக்கொள்வோம். 67 மி.மீ. துளை அந்தத் தூரத்தில் சுமார் 0.15 மி.மீ. இடைவெளியைப் பிரித்துக் காட்டும். இசட்8இல் ஒரு பிக்சலுக்கு 0.11 மி.மீ. வருகிறது, இரண்டு கோடுகளைப் பிரிக்கக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும் என்பதால் 0.22 மி.மீ. நல்ல வெயிலில், அசையாத பறவையிடம், பி1000 சமமாகவே நிற்கிறது. சற்று முந்தவும் செய்யும். வெயிலில் (ஈவி 15) எஃப்/8, 1/2000க்கு அதற்குத் தேவை ஐஎஸ்ஓ 400 மட்டுமே. அமர்ந்த பறவைக்கு 1/500 போதும், ஐஎஸ்ஓ 100இலேயே முடிந்துவிடும்.

பிறைநிலா:
நிலாவுக்கு பி1000தான், இதில் எனக்கு ஐயமே இல்லை. 539 மி.மீ.இல் நிலாவின் பிம்பம் சென்சாரில் சுமார் 4.9 மி.மீ.; சென்சாரின் உயரமோ 4.55. முழுநிலா மேலும் கீழும் வெட்டுப்படும், எனவே 2700 அருகே நிறுத்துங்கள். இசட்8இல் 600 மி.மீ.க்கு அதே நிலா சுமார் 1250 பிக்சல் அகலம்தான். 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் (குவியத் தூரத்தை நீட்டும் இணைப்பு லென்ஸ்) போட்டால் 1750 ஆகும், எஃப் எண் 9 ஆக உயரும். விட்டம் 95ஆகவே இருக்கும் என்பதால் நிலாவுக்கு அது நட்டமில்லை.

பி1000இல் எடுக்கும் முறை: உறுதியான ட்ரைபாட். அதிர்வுக் குறைப்பை அணைத்துவிடுங்கள். அசைவே இல்லாதபோது அதுவே சில சமயம் அசைவை உண்டாக்கும். எம் முறை (எல்லாவற்றையும் நாமே அமைப்பது), ஐஎஸ்ஓ 100, எஃப்/8, முழுநிலாவுக்கு 1/200. அரைநிலாவுக்கு இரண்டு ஸ்டாப் கூட்டி 1/50. கையால் பொத்தானைத் தொடாமல் டைமர். 1/15க்குக் கீழே இறங்காதீர்கள். நிலா நொடிக்குச் சுமார் 15 விகலை நகர்கிறது (ஒரு பாகையில் 3600 விகலை). இந்த ஜூமில் அது நொடிக்கு 30 பிக்சல்.

நிலா உச்சியை நெருங்கியபின் எடுங்கள். அடிவானத்தில் இருக்கும்போது நடுவிலுள்ள காற்று மிக அதிகம். எந்தக் கேமராவாலும் அதை விலக்க முடியாது.

கழுகுக்கண்:
நிலா அசையாத, பளிச்சென்ற பொருள். பி1000 செய்யப்பட்டதே அதற்காக என்று சொல்லலாம், விட்டுத்தருகிறேன். பறக்கும் பறவைக்கு வாருங்கள்.

பி1000இன் ஃபோகஸ், படத்தின் ஒளி-நிழல் மாறுபாடு எங்கே கூடுகிறது என்று பார்த்துத் தேடுவது. முன்னே போய், தாண்டி, திரும்பி வரும். குறுக்கே ஒரு குச்சி இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். முழு அளவுப் படங்களில் வேகமான பர்ஸ்ட் (தொடர்ச்சியாக எடுப்பது) நொடிக்கு 7 ஃப்ரேம், அதுவும் 7 ஃப்ரேமோடு நின்றுவிடும். ஒரு நொடிக்குப் பிறகு கை கட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். இசட்8 பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து, சட்டகம் முழுக்கத் தொடர்கிறது. நொடிக்கு 20 ரா ஃபைல். சி30 முறையில் பொத்தானை முழுதாக அழுத்துவதற்கு முந்தைய 1 நொடி வரையிலான ஜேபெக் படங்களையும் சேமிக்கும். மீன்கொத்தி கிளையை விட்டுப் பாயும் அந்தக் கணத்தை மனிதனின் எதிர்வினை வேகத்தால் பிடிக்க முடியாது. அதற்கான விடை இதுதான், பி1000இன் முன்சேமிப்பு முறை இதற்கு ஈடாகாது.

பின்னணியையும் பாருங்கள். வெகுதொலைவிலுள்ள ஓர் ஒளிப்புள்ளி, பறவை இருக்கும் தளத்தில் அளந்தால், துளையின் விட்டம் அளவுக்கே வட்டமாக விரியும். 17 செ.மீ. பறவைக்குப் பின்னால் 95 மி.மீ. வட்டமா, 55 மி.மீ. வட்டமா? இலைக்கூட்டம் கரைந்துபோவதும் கரையாமல் உறுத்துவதும் அங்கேதான் முடிவாகிறது.

தும்பி:
பறப்பதற்கு பி1000ஐ நானும் பரிந்துரைக்கவில்லை. 2025இல் வந்த பி1100க்கும் அதே 24-3000 வீச்சும் அதே சென்சார் அளவும்தான். ஆனால் சூப்பர்ஜூம் என்றாலே பி1000 என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை. ஆர்எக்ஸ்10 மார்க் 4இல் 315 கட்ட உணர் புள்ளிகள் (முன்பின் தேடாமல் ஃபோகஸை நேரடியாகக் கணிப்பவை), நொடிக்கு 24 ஃப்ரேம், ஜேபெக்கில் 249 ஃப்ரேம் வரை நிற்காது. லென்ஸின் பக்கத்தில் ஃபோகஸ் எல்லை சுவிட்ச் உண்டு. அதை 3 மீட்டர் முதல் முடிவிலி என்று வைத்தால் அருகிலுள்ள புல்லைத் தேடி அலையாது. குறை ஒன்று: கார்டில் எழுதுவது மெதுவானது, நீளமான பர்ஸ்ட்டுக்குப் பின் சில மெனுக்கள் சற்று நேரம் திறக்காது. எனவே பொத்தானைப் பிடித்தே இருக்காமல் அரை நொடி, அரை நொடியாக அழுத்துங்கள்.

தட்டானுக்கு இது இன்னும் நல்லது. 600இல் 72 செ.மீ. வரை நெருங்கலாம், முழுச்சட்ட அளவில் சொன்னால் 0.49 உருப்பெருக்கம். உங்கள் 180-600 கொடுப்பது 0.25, அதுவும் 2.4 மீட்டரிலிருந்து. எஃப்/4 இங்கே முழுச்சட்டத்தின் எஃப்/11க்கு இணை, எனவே இறக்கை முழுதும் தெளிவாக விழும்.

கழுகுக்கண்:
72 செ.மீ.இல் தட்டான் உட்கார்ந்திருக்குமா? 2.4 மீட்டரில் இருக்கும். 6 செ.மீ. தட்டான் 0.25இல் சென்சாரில் 15 மி.மீ., அதாவது சுமார் 3440 பிக்சல். உங்கள் பக்கம் 4470. வித்தியாசம் 1.3 மடங்குதான், தூரமோ மூன்றில் ஒரு பங்கு. ஆழம் வேண்டுமென்றால் நானும் எஃப்/11க்கு மூடுவேன், ஐஎஸ்ஓ உயரும், அவ்வளவே. இந்த லென்ஸை மூடிக்கொள்ளலாம். உங்கள் லென்ஸை எஃப்/4க்கு மேல் திறக்க முடியாது.

மணல்மேடு:
யாரும் தொடாத விஷயம் ஒன்று: தூசி. சூப்பர்ஜூமின் குழல் நீளும்போதும் சுருங்கும்போதும் உள்ளே காற்றை இழுத்துத் தள்ளுகிறது. வருடங்கள் போகப் போக நுண்தூசி சென்சார் வரை போய்விடும். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் வீட்டில் துடைக்க வழியே இல்லை, சேவை மையத்தில் பிரித்தாக வேண்டும். சென்சார் சிறியது, அதனால் அதே தூசி படத்தில் பெரிதாகத் தெரியும்.

மிரர்லெஸ்ஸில் தூசி இன்னும் எளிதாக விழும், ஆனால் ரப்பர் ஊதுகுழலால் ஐந்து நிமிட வேலை: மவுன்டை (லென்ஸ் பொருந்தும் வாய்) கீழ்நோக்கிப் பிடித்து ஊதுங்கள், போகாவிட்டால் சென்சார் அளவுக்கான துடைகுச்சியில் இரண்டு சொட்டுத் திரவம், ஒருமுறை இடமிருந்து வலம். சரிபார்க்க எஃப்/16இல் வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள்.

மழையில் பி1000 வேண்டாம், அதற்கு அடைப்பு இல்லை. ஆர்எக்ஸ்10 தூறல் தாங்கும்.

பிறைநிலா:
கானலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் சூடான தரைக்கு மேல் 100 மீட்டர் தள்ளி இருப்பதை எடுத்தால் 3000உம் கலங்கும், 600உம் கலங்கும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து லென்ஸைக் குறை சொல்வார்கள். சோதனை எளிது: 10 ஃப்ரேம் தொடர்ந்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம் மங்கினால் அது காற்று. எல்லாவற்றிலும் ஒரே மங்கல் என்றால் ஃபோகஸ். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த லென்ஸை அரை மணி நேரம் வெளியே விடுங்கள். நீளமான ஹூடுக்குள் தேங்கும் சூடான காற்றும் இதே வேலையைச் செய்யும், கழற்றிப் பாருங்கள்.

வானம்பாடி:
மிக்க நன்றி. எடுப்பது பெரும்பாலும் விடிந்ததும் இரண்டு மணி நேரம், நீர்நிலை ஓரம் நடந்துகொண்டே. பறவைகள் 20 முதல் 30 மீட்டர். எடை தாங்குமா?

கழுகுக்கண்:
உடல் 910 கிராம், லென்ஸ் ட்ரைபாட் வளையத்தோடு 2140. மொத்தம் 3 கிலோவுக்குச் சற்று மேல். கழுத்தில் மாட்டாதீர்கள். லென்ஸின் வளையத்தில் பட்டையைக் கோத்து, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகத் தொங்கவிடுங்கள். கேமராவின் மவுன்டில் முழு எடையும் விழக்கூடாது. மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். விடியற்காலை வெளிச்சம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 3 மடங்கு ஒளி வேண்டிய நேரம் அதுவேதான். பேட்டரி ஒன்று கூடுதலாக, எதை வாங்கினாலும்.

தும்பி:
நடந்துகொண்டே என்றும் சொன்னார். ஆர்எக்ஸ்10 1095 கிராம். பறவை எழும்போது ஏற்கெனவே கையில் உயர்ந்திருக்கும். 30 மீட்டரில் மீன்கொத்தி அதில் 500 பிக்சல்தான் வரும் என்பதை மறைக்க மாட்டேன், பெரிய அச்சுக்கு அது போதாது. இசட்8இலும் 780தான் வருகிறது. இந்த இடத்தில் 20ஐ 12 மீட்டர் ஆக்கினால் இரண்டு கேமராவுக்கும் சுமார் 1.7 மடங்கு பிக்சல் கிடைக்கும். நீர்நிலையில் ஒரு நிலையான மறைவிடம் பார்த்து அங்கேயே உட்கார்வதாக இருந்தால், அப்போது எடை ஒரு பொருட்டில்லை, கழுகுக்கண் சொல்வதையே வாங்குங்கள். நடப்பதுதான் திட்டம் என்றால் என் பரிந்துரை மாறாது.