இழை: ‘அர்பன் லிவிங் லேப்’, தமிழில்?

ந.மா.:
அன்புள்ள குழுவினருக்கு, நகரமைப்பு மாணவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘அர்பன் லிவிங் லேப்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மாநகராட்சி, குடியிருப்பவர்கள், பல்கலைக்கழகம் எல்லாரும் சேர்ந்து ஒரு தெருவிலோ பேட்டையிலோ புது ஏற்பாடு ஒன்றைச் செய்துபார்ப்பது. சரிவந்தால் ஊர் முழுக்க விரிப்பது. ‘வாழும் ஆய்வகம்’ என்று போட்டேன். ஒட்டவில்லை.

புலவர் சு.:
வினைத்தொகையாக்குங்கள் அம்மா: வாழாய்வகம். முக்காலமும் அடங்கும்.

கா.:
ஐயா, ‘வாழாத ஆய்வகம்’ என்றல்லவா காதில் விழுகிறது?

புலவர் சு.:
வாழா + ஆய்வகம் என்றால் உடம்படுமெய் வந்து ‘வாழாவாய்வகம்’ ஆகும். நன்னூல் 162.

கா.:
மாணவர்கள் நன்னூலோடா பஸ் ஏறுகிறார்கள்? ‘நகரச் சோதனைக்கூடம்’ போதும், எல்லாருக்கும் புரியும்.

ந.மா.:
சோதனை வேண்டாமே. பார்சிலோனாவின் போப்லெனோவில் 2016 செப்டம்பரில் ஒன்பது கட்டடத் தொகுதிகளைச் சேர்த்து ‘சூப்பர் பிளாக்’ ஆக்கினார்கள். கட்டடக்கலை மாணவர்கள் சந்திப்புகளில் பழைய டயர்களை வைத்து, தரையில் பெயின்ட் அடித்தார்கள். ஊடே புகுந்து போன கார்கள் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. எங்களைக் கேட்டீர்களா என்று அங்கிருந்தவர்கள் பலர் கொதித்தார்கள். ‘சோதனை’ என்று எழுதினால் அவர்களை எலியாக்கிவிடுகிறோம்.

இத்தாலியின் போலோன்யா நகரில் நடந்தது வேறு. 2011இல் பெண்கள் சிலர் பூங்காவுக்கு பெஞ்சு கொடுக்கப் போனார்கள். துறை துறையாக அலையவிட்டு, கடைசியில் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். 2014இல் நகராட்சி தனி விதியே கொண்டுவந்தது: குடிமக்களும் நகராட்சியும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு பூங்கா, சதுக்கம், கட்டடம் போன்ற பொதுச்சொத்துகளைச் சேர்ந்து பராமரிக்கலாம். அந்தச் ‘சேர்ந்து’ சொல்லில் தெரியவேண்டும்.

வே.:
அப்படியானால் வாரியம்! உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் இருக்கின்றனவே. வாரி என்றால் நீர், விளைச்சல், வருவாய். ‘நகர வாரியம்’ தூய தமிழ்.

கா.:
மின்வாரியம், குடிநீர் வாரியம் வரிசையில் இதுவுமா? புகார் எண் கேட்பார்கள். தவிர, உத்திரமேரூரில் குடவோலையில் பெயர் ஏற கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், வயது 35 முதல் 70க்குள் வேண்டும். பெஞ்சு கொண்டுவந்த பெண்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

வே.:
சரி, ‘நகர்க்களரி’?

புலவர் சு.:
‘பயவாக் களரனையர் கல்லா தவர்’, குறள் 406. களரில் என்ன முளைக்கும்?

வே.:
அது உவர்நிலமான களர், இது பயிலும் களமான களரி. இரண்டையும் குழப்பாதீர்கள் ஐயா.

ர.:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வெறும் களம் போதாதா? ‘நகரக் கூட்டுக்களம்’.

கா.:
கூட்டு என்றதும் பூசணிக்காய் ஞாபகம் வருகிறது. பரவாயில்லை, +1.

வே.:
அரைமனதோடு +1.

ந.மா.:
நன்றி. கூட்டுக்களம் என்றே போடுகிறேன். முதல்முறை வருமிடத்தில் ‘லிவிங் லேப்’ என்பதும் இருக்கும்.

புலவர் சு.:
கூட்டுக்களத்தில் ஆய்வு எங்கே போயிற்று? செய்துபார்த்து, அளந்து, சரிவராவிட்டால் கைவிடுவதுதானே இதன் உயிர்? கூடிப் பேச மட்டும் என்றால் கிராம சபை போதுமே. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். அப்புறம் வே., வாரி பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்க முடியாது. தனி இழை தொடங்குகிறேன்.