‘பிரசாரணச் சீராக்கம்’ என்பதற்கு மாற்றாக ‘உவர்ச்சமன் பேணல்’

குழுமத்தாருக்கு வணக்கம். மீன் முதலிய உயிரிகள் தம் உடலின் நீர், உப்பு அளவைச் சமனாகக் காப்பதே (osmoregulation) ‘பிரசாரணச் சீராக்கம்’. இதற்கு இங்கு ‘நீருப்புச் சீராக்கம்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டது; நான் வேறொன்றைப் பரிந்துரைக்கிறேன்.

இலங்கைப் பாடநூல்களின் ‘பிரசாரணம்’, தமிழகத்தின் ‘சவ்வூடுபரவல்’ (இரண்டும், செறிவு மிகுந்த பக்கத்துக்குச் சவ்வின் வழியே நீர் நகர்வதைக் குறிப்பவை) ஆகிய இரண்டில் எதனோடு ‘சீராக்கம்’ சேர்த்தாலும், மீன் எதிர்த்து நிற்கும் விசைதான் பெயராகிறது. அது காத்துக்கொள்ளும் பொருள் பெயரில் வருவதில்லை. காக்கப்படுவது குருதியின் உவர். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்க, என்புமீனின் (எலும்புக்கூடுள்ள மீனின்) குருதிச் செறிவு அதன் மூன்றிலொரு பங்களவில் நிற்கிறது.

மகாவலி ஆறு கடலில் விழும் எங்கள் கொட்டியாரக் குடாப் பக்கத்தில் ‘உவர்த்தண்ணி’ என்றால் சிறுபிள்ளைக்கும் விளங்கும். கொடுவா உவர்நீரில் முட்டையிட, குஞ்சுகள் களப்புக்கும் ஆற்றுக்கும் ஏறி வளர்கின்றன. ஆற்றில் நீர் உடலுக்குள் புகுந்து உப்பு வெளியேறப் பார்க்கும். கடலில் நீர் செவுள் வழியே இழக்கப்படுவதால் மீன் கடல்நீரையே குடித்து, மிகை உப்பைச் செவுளின் குளோரைட்டுக் கலங்களால் (உப்பை வெளியேற்றும் செல்களால்) வெளியேற்றுகிறது. (இலங்கை நூல்கள் செவுளைப் ‘பூ’ என்பதால், கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் தருவது நல்லது.) கபச்சுரப்பி (மூளையடிச் சுரப்பி) அகற்றப்பட்ட கில்லி என்னும் சிறு மீன்கள் நன்னீரில் இறந்துவிடும் என்பதையும், அச்சுரப்பியின் ஓமோனான (ஹார்மோனான) புரோலாக்டினைக் கொடுத்தால் பிழைக்கும் என்பதையும் 1959இல் ஆய்வாளர்கள் பிக்ஃபோர்டும் பிலிப்ஸும் காட்டினர். கடலுக்கு இறங்கவிருக்கும் சால்மனிலோ, கோர்ட்டிசோலும் வளர்ச்சி ஓமோனும் சேர்ந்து, குளோரைட்டுக் கலங்களின் சோடியம் வெளியேற்றும் திறனை முன்கூட்டியே வளர்க்கின்றன. திசை எதிரெதிர், காக்கப்படும் அளவு ஒன்றே. அந்த ஒன்றைத்தான் பெயர் சொல்ல வேண்டும் என்பது என் வாதம்.

இங்கு முன்வைக்கப்பட்ட ‘நீருப்புச் சீராக்கம்’ கருத்தளவில் நெருக்கமானதே. ஆனால் ‘நீருப்பு’ என்றதும் கல்லுப்பு, கறியுப்பு போல ஓர் உப்புவகையே நினைவுக்கு வருகிறது. ‘உப்புநீர்’ என்று மாற்றினால் பொருளே வேறாகிவிடும். ‘உவர்’ என்பது நீருக்கும் உப்புக்கும் இடையிலான விகிதத்தை ஒரே சொல்லில் தருகிறது.

ஒரு தடையை நான் மறைக்க விரும்பவில்லை. சுறா யூரியாவைக் குருதியில் தேக்கித் தன் செறிவைக் கடல்நீருக்கு நிகராக உயர்த்துகிறது. யூரியா உவர்ப்புத் தராது. ஆகவே பொதுக் கருத்துக்குப் ‘பிரசாரணச் சீராக்கம்’ நிலைக்கட்டும். வலசை போகும் என்புமீன்களுக்கு மட்டும் ‘உவர்ச்சமன் பேணல்’ என்றும், அதை இயக்கும் சுரப்புகளுக்கு ‘உவர்ச்சமன் ஓமோன்கள்’ என்றும் பதியலாம். ‘ஹார்மோன்’ என்று எழுதுவோர் அவ்வாறே எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை.

திருகோணமலையிலிருந்து