கீற்றுக் கொட்டகையில் மாலை வகுப்பு: அரசு மானியம் கிடைக்குமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் மூணாறு தலைப்பிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் எங்கள் ஊர். மூன்று வருடமாக மாலை ஐந்தரைக்கு மேல் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைக்கிறேன். ட்யூஷன் இல்லை. வீட்டுப்பாடம் அரை மணி நேரம், அப்புறம் கதைப் புத்தகம், படம் வரைதல். சனிக்கிழமை சிலம்பம். இப்போது 34 பேர் வருகிறார்கள்.

ஆரம்பித்த காரணம் பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. மேட்டூர் திறந்து எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் பொடிசுகள் எல்லாம் மதகில் ஏறிக் குதிக்கும். பெரியவர்கள் வயலில் இருந்து வருகிற வரை கேட்க ஆள் இல்லை. அந்த இரண்டு மணி நேரம் மதகுப் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் கூப்பிட்டேன்.

வாரம் இரண்டு நாள் சுண்டல், ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலை. சிலம்ப ஆசானுக்குப் பஸ் காசு, படம் வரையத் தாள், கலர் பென்சில். எல்லாம் என் சம்பளத்தில். நான் தனியார் பள்ளி டீச்சர், சம்பளம் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டவுனில் ஒருவர், "டிரஸ்ட் பத்திரம் மட்டும் போடும்மா, மானியம் நான் வாங்கித் தருகிறேன், எனக்கு பத்து பர்சென்ட்" என்கிறார். அப்படி மாநில அரசு மானியம் உண்டா? டிரஸ்ட் நல்லதா, சங்கம் நல்லதா? இன்னொன்று, வகுப்பு நடப்பது மாரியம்மன் கோயில் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில். அது பிரச்சினை ஆகுமா?

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி (கும்பகோணம்):

அக்கா, பத்து பர்சென்ட் ஆளை முதலில் கழற்றி விடுங்கள். மானியத்தில் கமிஷனுக்குக் கணக்குத் தலைப்பு கிடையாது. அந்தப் பணத்தை நீங்கள் சுண்டல் பில்லிலோ நோட்டு பில்லிலோதான் ஒளித்தாக வேண்டும். மாட்டினால் கையெழுத்து உங்களுடையது.

சங்கம் என்றால் 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடா வருடம் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். டிரஸ்ட் சார்பதிவாளர் ஆபீஸில் முடிந்துவிடும், இரண்டு மூன்று பேர் போதும். கூட்டம் போட ஏழு பேரைத் தேட முடியாத ஊருக்கு டிரஸ்ட்தான் சரி. பிறகு பான் கார்டு, டிரஸ்ட் பெயரில் வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் டிரஸ்டுக்கான வரிவிலக்குப் பதிவு, நன்கொடை தருபவர்களுக்கான வரிச்சலுகைப் பதிவு (12ஏ, 80ஜி என்று சொல்வார்கள்), தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு. தர்பனுக்குக் கட்டணம் இல்லை, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெரிய கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பொறுப்புக்கு ஒதுக்குகிற பணம், இன்னொரு வழி. லாபத்தில் இரண்டு சதவீதம் என்று சட்டம் இருப்பதால் அவர்களும் இடம் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதை வாங்குகிற அமைப்புக்கு 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 என்கிற பதிவு கட்டாயம், அமைப்புக்கு மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். உங்கள் மூன்று வருடம் உங்கள் பெயரில் ஓடியது, டிரஸ்ட் பெயரில் இல்லை. அதனால் பதிவை இன்றைக்கே தொடங்குங்கள்.

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி பக்கம்):

தங்கச்சி, தம்பி சொன்ன காகிதமெல்லாம் சரி. நான் பதினோரு வருடம் இதே மாதிரி மாலை மையம் நடத்தியவன், மானியம் வாங்கியும் இருக்கிறேன், இழந்தும் இருக்கிறேன். இழந்த கதையைச் சொல்கிறேன்.

முதல் தவணை வந்தது. இரண்டாவது தவணைக்கு முன் ஒரு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். டீ குடித்தார், பிள்ளைகளைப் பாடச் சொன்னார், சிரித்தார். அப்புறம் வருகைப் பதிவேட்டைக் கேட்டார். நேராக 2018 நவம்பர் பக்கத்தைப் புரட்டி, 16ஆம் தேதிக் கட்டத்தில் விரலை வைத்தார். 38 பேரும் வந்ததாக வரிசையாக டிக். "சார், அன்னைக்கு விடியக்காலைதான கஜா கரையேறுச்சு? உங்க ஊர்ல ஓடே பறந்து போச்சு. முப்பத்தெட்டு புள்ளைங்க எங்க உக்காந்துச்சு?" என்றார். எங்கள் பொறுப்பாளர் பையன் மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் டிக் போட்டுத் தள்ளியிருக்கிறான். நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உண்மையில் புயலுக்குப் பிறகு அந்த மாதம் முழுக்க எங்கள் மையத்தில் வகுப்பா நடந்தது? தார்ப்பாயும் அரிசியும் இறக்கி வைத்திருந்தோம். அதை அப்படியே எழுதியிருந்தால் மதிப்பு. எழுதவில்லை. இரண்டாவது தவணை வரவே இல்லை.

ஆகவே இப்போதிருந்தே ஒரு நீள நோட்டு போடு. மழைக்கு ஒன்பது பேர் வந்தால் ஒன்பது. அறுவடைக்குப் பாதிப் பேர் இல்லையென்றால் இல்லை. டெல்டாவில் வருடம் முழுக்க நூறு சதவீதம் வருகை காட்டுகிற பதிவேட்டை நானே நம்ப மாட்டேன்.

இன்னொரு சின்ன வம்பு. எங்களுக்கு வந்தது மத்திய அரசுப் பணம். ஜிஎஃப்ஆர் என்கிற பொது நிதி விதிகள்படி மானியத்துக்கு வங்கி போடுகிற வட்டியையும் அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் வட்டி வந்தது. பிள்ளைகளுக்குப் பொங்கலுக்குக் கரும்பு வாங்கிக் கொடுத்தோம். பயன்பாட்டுச் சான்றிதழ், அதான் ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவம், போடும்போது கரும்பு இடித்தது. கடைசியில் கைக்காசைப் போட்டுக் கட்டினேன்.

மானியம் வந்தாலும் உன் நேரத்துக்குப் பெரிதாக ஒன்றும் வராது. பொருளுக்குக் கொடுப்பார்கள், ஆளுக்குக் கொடுக்க யோசிப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு இறங்கு.

கணக்கு டீச்சர்:

தோழி, மாநில அரசு விஷயம். நம் மாநிலத்தில் பள்ளி நேரத்துக்கு அப்புறம் நடந்த பெரிய திட்டம் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. அதில் பணம் தன்னார்வலருக்குப் போனது, மாதம் ஆயிரம் ரூபாய். அமைப்புகளுக்கு மானியமாகப் போகவில்லை. 2022இல் வந்த நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளியும் அரசுப் பள்ளிக்கு நன்கொடை சேர்க்கிற ஏற்பாடு. நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும், ஆனால் அது கட்டடம் மாதிரி வேலைகளுக்கு. சுண்டலுக்கும் ஆசானுக்கும் அதில் இடமில்லை. ஓவியம், பாட்டு என்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயதுக்காரர்களுக்கு நடத்துகிறது, அதுவும் பெரும்பாலும் டவுன்களில்தான்.

இனி கொட்டகை. நீங்கள் நம் பக்கத்துக்காரர், 2004 ஜூலை 16ஐச் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையையே எடுக்கச் சொன்னார்கள். மாலை வகுப்பு பள்ளி இல்லை என்று நீங்கள் வாதாடலாம், ஆனால் கீற்றுக்குக் கீழே 34 பிள்ளைகள் என்று எழுதிய விண்ணப்பத்தில் இந்த மாவட்டத்தில் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார். போடக் கூடாது என்பதுதான் என் கருத்தும்.

ஊர் அரசுப் பள்ளியில் ஒரு அறை கேளுங்கள். தலைமையாசிரியரிடம் வாயால் கேட்டால் தயங்குவார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்களை விட்டுக் கேட்கச் சொல்லித் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அந்தத் தீர்மானத்தின் நகல் எந்த விண்ணப்பத்திலும் பேசும்.

வெண்ணாற்றங்கரை:

அண்ணே, நீள நோட்டு இன்றைக்கு வாங்கிவிட்டேன். முதல் நாளே 21 பேர்தான், மற்றவர்கள் பக்கத்து ஊர்த் திருவிழா. 21 என்றே எழுதினேன். பத்து பர்சென்ட் ஆள் இரண்டு தடவை போன் அடித்தார், எடுக்கவில்லை. டீச்சர், கூரையைப் பற்றி எனக்கு உள்ளூர பயம் இருந்ததுதான், யாராவது சொல்லட்டும் என்று இருந்தேன் போல. குழுவில் நான்கு பேர் என் பிள்ளைகளின் அம்மாக்கள், பேசுகிறோம் என்றார்கள். ஒரு சந்தேகம்: அறை கிடைத்தால் சாவி யாரிடம் இருக்கும்? எச்எம் ஐந்து மணிக்கே பஸ் ஏறிவிடுவார்.

கணக்கு டீச்சர்:

அதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள், யார் திறப்பது, யார் பூட்டுவது என்று. எங்கள் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் அக்கா வைத்திருக்கிறார். உங்கள் ஊரில் அவர் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறாரா பாருங்கள்.