‘அமேஸிங் கிரேஸ்’ (1972): எந்தப் பாட்டில் தொடங்கி, எதைக் கவனித்துக் கேட்பது?

அமெரிக்கப் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளின் ஆலயத்தில் கிறிஸ்தவப் பாட்டுகளைப் பாடிய இந்த இரட்டை இசைத்தட்டைப் புதிதாகக் கேட்பவர்கள் தலைப்புப் பாட்டில் தொடங்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கும் மேல் போகும், தாளக்கட்டு இல்லாத பாட்டு அது. ஒரே அசை பிருகா பிருகாவாகச் சுழன்று வரும். காது பழகாதவர்களுக்கு வரி எங்கே முடிகிறது என்றே பிடிபடாது, பாதியில் விட்டுவிடுவார்கள்.

‘பிரெஷஸ் லார்ட்’ பாட்டில் தொடங்குங்கள். கிறிஸ்தவப் பாட்டுகள் எழுதிய தாமஸ் டார்சி 1932-இல் எழுதியது. செயின்ட் லூயிஸில் எழுப்புதல் கூட்டத்தில் இருந்தவருக்கு, மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் பழைய ஞானப்பாட்டு மெட்டு ஒன்றில் இந்த வரிகளை அமைத்தார். ஏன் இப்படி நடந்தது என்று ஆண்டவரிடம் அவர் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்கிறார். அரேத்தா இதோடு பாப் பாடகி கரோல் கிங்கின் ‘யூவ் காட் எ ஃபிரெண்ட்’ பாட்டைப் பின்னிப் பாடுகிறார். அந்த இணைப்பில் ‘நண்பன்’ என்ற சொல் இயேசுவைச் சுட்டத் தொடங்கிவிடுகிறது.

*

ஒலி அளவைப் பற்றி ஒன்று. பாட்டின் தொடக்கம் மெதுவாக இருக்கிறதே என்று கூட்டி வைத்தால், பாடகர் குழு எழும்பும்போது ஒலி உடைந்து இரையும். குழு முழுக்குரலில் பாடும் இடத்துக்கு முதலில் போய், அங்கே அளவை வைத்துவிட்டுப் பிறகு ஆரம்பத்துக்கு வாருங்கள். செல்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் சக் ரெய்னியின் பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும். ‘மேரி டோன்ட் யூ வீப்’ நடப்பதே அதன் மேல்தான். ஹெட்ஃபோன் கட்டாயம்.

பதிவு நடந்தது லாஸ் ஏஞ்சலஸின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் ஆலயத்தில், 1972 ஜனவரி 13, 14 இரவுகளில். இசைத்தட்டில் பாட்டுகளின் வரிசை மாற்றப்பட்டது: முதலில் வரும் ‘மேரி’ இரண்டாம் இரவில் பாடியது. ஆராதனை படிப்படியாகச் சூடேறுவதை உணர, 1999-இல் வந்த முழுப் பதிவுதான் சரி.

*

‘மேரி’யில், இறந்த லாசருவை இயேசு உயிரோடு எழுப்பும் பகுதியை மட்டும் தனியாக நாலு முறை கேளுங்கள். சகோதரன் லாசருவை இழந்த மரியாளுக்கு ஆறுதல் சொல்லும் பாட்டு. யோவான் சுவிசேஷத்தில் இயேசு லாசருவை ஒரு முறைதான் கூப்பிடுகிறார். இங்கே அரேத்தா மூன்று முறை கூப்பிடுகிறார், ஒவ்வொன்றும் வேறு குரலில். அடியில் குழு விடாமல் தாங்கிக்கொண்டே இருக்கிறது. எனக்கு இந்த ஆல்பத்தின் உச்சம் இதுதான், தலைப்புப் பாட்டு அல்ல.

தலைப்புப் பாட்டைக் காதால் கேட்பதைவிட, இந்தப் பதிவின்போது எடுத்த ஆவணப்படத்தில் பார்ப்பது நல்லது. போதகர் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட் முகத்தை மூடிக்கொண்டு அழுவதைப் பார்த்தபின் அந்த நீளம் நீளமாகவே தெரியாது. இயக்குநர் சிட்னி பொல்லாக் படமெடுத்தபோது கிளாப் பலகை அடிக்காததால் காட்சியும் ஒலியும் பொருந்தவில்லை. படம் வெளிவர 2018 ஆகிவிட்டது.

‘பிரெஷஸ் லார்ட்’ பற்றி மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டைத் தன் குரலாகவே ஆக்கிக்கொண்ட கிறிஸ்தவப் பாடகி மஹேலியா ஜாக்சன், இந்தப் பதிவு முடிந்து இரண்டு வாரம்கூட ஆகாமல், ஜனவரி 27 அன்று காலமானார். சிகாகோவில் நடந்த இறுதி ஆராதனையில் அரேத்தா பாடியது இதே பாட்டைத்தான்.